கணக்கு எங்கே உதைக்கிறது?

(காரைக்குடியில் ஆசிரியர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்வி அலுவலர் பெருமக்களே, கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நகரத்தார் பெருமக்களே, தேவகோட்டையிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் கல்லலிலிருந்தும் விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் ஆசிரியச் சகோதர சகோதரிகளே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பயிற்சி மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த விழாக் குழுவினருக்குத் தனி வணக்கம். இந்த வழக்கம் எல்லா மேடைகளுக்கும் பரவ வேண்டும்.

ஆசிரியர் கல்வியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வள்ளல் அழகப்பர் 1947இல் கலைக் கல்லூரி கண்டார். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1950இல், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். பிள்ளைகள் படிக்கக் கல்லூரி கட்டிய கையோடு, அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் படிக்க வேண்டும் என்று நினைத்த மனம் அது. 1985இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகமும் வந்தது.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று கலைத்திட்டம், அதாவது எதை எந்தப் படியில் கற்பிப்பது என்பது. இரண்டு மதிப்பீடு. மூன்று, இவற்றைப் பற்றி நடந்த ஆராய்ச்சி ஆசிரியர் கைக்கு வந்து சேரும் வழி. மூன்றாவதுதான் என் நெஞ்சில் கிடப்பது. அதில் தொடங்கி அதிலேயே முடிக்கிறேன்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். படித்தவரைக் குத்திக் காட்டவே இந்தப் பழமொழியை எடுக்கிறோம். சுரைக்காய் ஏட்டில் இருப்பது ஒரு குற்றமா? அதைக் கொடியில் ஏற்றிக் காய்க்க வைக்க ஆள் வேண்டாமா? காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் சோத்கங்கா என்ற களஞ்சியம் நடத்துகிறது. நாடு முழுவதும் இருந்து முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்கின்றன. யாரும் காசில்லாமல் படிக்கலாம். கல்வியியல் ஆய்வேடுகளும் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம், பெரும்பாலும் ஆங்கிலம், நடுவில் புள்ளியியல் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில், காலை உணவையும் எமிஸ் என்ற இணையப் பள்ளிப் பதிவையும் பார்த்துக்கொண்டு, அவர் எந்த நேரத்தில் இதைப் படிப்பார்?

மதிப்பீட்டுக்கு வருகிறேன். நம் ஊர்க் காட்சி ஒன்றை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யக் கடல் கடந்து, போன காலம். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடை. அங்கே வேலை பழகும் பெட்டியடிப் பையனுக்குப் பதிமூன்று வயது இருக்கும். பகல் முழுக்கக் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றியிருக்கிறான். விளக்கு வைத்தாயிற்று. ஐந்தொகை எடுக்கிறான். வரவும் பற்றும் ஒட்டவில்லை. மறுபடி கூட்டுகிறான், ஒட்டவில்லை. கண்ணில் நீர் முட்டுகிறது.

கடைப் பொறுப்பில் இருக்கும் மேலாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்கிறார்: 'எவ்வளவுப்பா உதைக்குது?'

'இருபத்தேழு ரூபாய்ண்ணே.'

'ஒன்பதால வகுத்துப் பாரு.'

'மூணு வருதுண்ணே. மீதி இல்ல.'

'அப்ப ஒரு தொகையில ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டிருக்கே. மூணு வித்தியாசத்துல பக்கத்துப் பக்கத்துல நிக்கிற எண்ணாப் பாரு. நாப்பத்தொண்ணு, அம்பத்திரண்டு, அறுபத்துமூணு…'

பையன் விரலை ஓட்டுகிறான். குறிப்பேட்டில் 52, பேரேட்டில் 25. அகப்பட்டுவிட்டது!

'இன்னொண்ணும் கேட்டுக்க. உதைக்கிற தொகை ரெட்டைப்படையா வந்தா அதைப் பாதியாக்கு. அந்தப் பாதித் தொகை வரவுல ஏற வேண்டியது பற்றுல ஏறியிருக்கான்னு பாரு.'

அந்த மேலாள் என்ன செய்தார்? 'நூற்றுக்குத் தொண்ணூறு சரி' என்று மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்து போகவில்லை. 'கவனம் போதாது' என்று எழுதியும் வைக்கவில்லை. பிழையைப் பிழையிடமே விசாரித்தார். எங்கே இடறினான் என்பதை அந்த 27 என்ற எண்ணே சொல்லிவிட்டது. வளரறி மதிப்பீடு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். நம் பதிவேட்டில் அது 40 மதிப்பெண்ணாகச் சுருங்கிக் கிடக்கிறது.

இதையே 1978இல் பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகளின் கழித்தல் கணக்கில் காட்டினார்கள். குழந்தையின் பிழை பெரும்பாலும் கவனக்குறைவு அல்ல, தவறான ஒரு விதியைக் குழந்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்றார்கள். 305இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 127. ஒரு பிள்ளை 273 என்று எழுதினால், அவன் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. அவனுக்குக் குச்சிக்கட்டு வேண்டும்: மூன்று நூறுகட்டு, ஐந்து உதிரி. உதிரியில் எட்டை எடுக்க முடியாமல் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டிய நிலைக்கு அவன் கை வர வேண்டும். 227 என்று எழுதியவளுக்குக் கட்டுப் பிரிக்கத் தெரியும். கடன் கொடுத்த 3ஐ 2 ஆக்க மறந்திருக்கிறாள். 3ஐ அடித்து மேலே 2 எழுதும் பழக்கம் போதும், குச்சி வேண்டாம். 483 எழுதியவன் கூட்டிவிட்டான், குறியைப் பார்க்கவில்லை. மூவருக்கும் முட்டைதான் போடுகிறோம். மூவருக்கும் அதே கணக்கைப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். முதல் பிள்ளை தன் தவறான விதியைப் பத்து முறை பழகிக்கொள்கிறான்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினா தயாரிக்கும்போது வாய்க்கு வந்த எண்களைப் போடாதீர்கள். இந்த நான்கு எண்களையும் போடுங்கள். விடைத்தாள் திருத்தும்போதே யாருக்கு என்ன மருந்து என்று தெரிந்துவிடும்.

வினாவையும் சோதிக்க வேண்டும். வகுப்பில் 40 பேர் என்றால் தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து 11, கீழிருந்து 11 எடுங்கள். நடுவில் உள்ளதைத் தொட வேண்டாம். ஒரு வினாவை மேல் கட்டில் 9 பேரும் கீழ்க் கட்டில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால் அது தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டும் நல்ல வினா. மேலே 4, கீழே 7 என்று தலைகீழாக வந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். விடைக்குறிப்பைப் பாருங்கள், வினாவில் இரண்டு பொருள் வருகிறதா என்று பாருங்கள். இருபத்திரண்டு பேரும் சரி என்றால் தொடக்க வினாவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது யாரையும் பிரித்துக் காட்டாது. அரை மணி நேர வேலை. இதற்குக் கணினி வேண்டாம். புள்ளியியல் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகக் கிடப்பது இவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு வந்துவிட்டதா இல்லையா?

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் மூன்று குழுக்களைப் பார்த்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்ற பிள்ளைகளுக்குக் குறிப்புரை பயன்படவில்லை. ஆகவே நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் குறிப்புரையை மட்டும் கொடுங்கள். பிள்ளை திருத்தி எழுதி வந்த பிறகு மதிப்பெண் சொல்லுங்கள்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு மற்றொன்று. ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது 42, 56 என்று புரண்டுவிட்டது. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள், நினைவில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து அவர்களே சரிபார்க்கட்டும். சரிபார்க்காமல் விட்டால் தப்பு நினைவிலேயே தங்கிவிடும். இதற்கு மதிப்பெண் போட்டீர்களானால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்.

கலைத்திட்டத்துக்கு நேரம் குறைவு. ஒன்றே ஒன்று: தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிப்பது நல்ல ஏற்பாடு. அரும்பில் இருக்கும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்ட, மேலே சொன்ன மாதிரி வினாக்கள் வேண்டும்.

பெரியோர்களே, என் கோரிக்கைக்கு வருகிறேன். கல்வியியலில் எம்.எட். ஆனாலும் முனைவர் பட்டம் ஆனாலும், ஆய்வேட்டோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை இணைக்கச் செய்யுங்கள். முதல் பக்கத்தில் எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், ஆசிரியர் செய்தது என்ன, எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு. இரண்டாம் பக்கத்தில் பயன்படுத்திய வினாக்கள் அப்படியே. எது பலிக்கவில்லை, எந்த வகுப்புக்கு ஒத்துவராது என்பதும் இருக்க வேண்டும். பலிக்காததை மறைத்த சுருக்கத்தை நம்பி நாற்பது பிள்ளைகளின் ஒரு மாதத்தைச் செலவிட முடியாது. விழுக்காட்டுக்குப் பதில் '40 பேரில் 26 பேர்' என்று எழுதட்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை உரக்கப் படிக்கட்டும். அவர் தடுக்கி நிற்கும் வரியைத் திருத்தி எழுதட்டும். படித்துத் தந்த ஆசிரியரின் பெயரும் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் வர வேண்டும்.

அந்த இரண்டு பக்கம் வட்டார வள மையத்தில் கோப்பாக இருக்கட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் மாதம் ஒன்றைப் படிப்போம். சுற்றறிக்கை வாசித்துக் கலையும் கூட்டத்தில் இருபது நிமிடம் கேட்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். தனி மனிதராகத் தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்தது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் பிறந்து வாழ்ந்த மண்ணில் ஒரு கோப்பு சேர்க்க நம்மால் முடியாதா? முன்வரிசைப் பெரியோர்கள் இசைவு தந்தால் ஏட்டுச் சுரைக்காய் இந்த வட்டாரத்திலிருந்தே கொடி ஏறும்.

வாசல் மேசையில் தாள் அடுக்கி வைத்திருக்கிறோம். மேலே 305 − 178 மட்டும் அச்சிட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை நான்காம், ஐந்தாம் வகுப்பில் கொடுங்கள். பத்து நிமிடம் போதும். வந்த தவறான விடைகளையும், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் கடைசித் தாளில் குறித்து, அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். வகுப்பும் எண்ணிக்கையும் இருந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.