நெத்தலி முள்ளும் அம்மம்மாவின் மணிக்கட்டும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. "வயது போனால் அப்படித்தானே" என்றார்கள் வீட்டில். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதே கிணற்றடியில் நானும் எத்தனையோ தரம் விழுந்திருக்கிறேன், கை முறியவில்லையே. அந்தக் கேள்வியோடுதான் ஆய்வுகூடத்துக்குள் போனேன். முப்பது வருசமாக எலும்பும் சாப்பாடும்தான் என் வேலை.

எலும்பு என்றால் சுவருக்குள் வைத்த கம்பி மாதிரி, வைத்தது வைத்தபடி கிடக்கும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல, அதற்கு உயிர் இருக்கிறது. ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். வளர்ந்தவர்களின் எலும்பில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு வருசந்தோறும் இப்படிப் புதிதாகிறது. இளவயதில் கட்டுவது கூட, கரைவது குறைவு. முப்பது வயதளவில் கையிருப்பு உச்சத்துக்கு வந்துவிடும். பிறகு செலவுதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைவதால் அந்தச் செலவு இன்னும் வேகமாகும். அம்மம்மா விழுந்தது கிணற்றடியில்தான், ஆனால் அந்த முறிவு அவர் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டது. இதைத் திரும்பவும் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று. முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1919இல், பேர்லின் நகரம். பசி, பட்டினி. பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ், எலும்பு இறுகாமல் கால் வில்லாக வளைந்துவிடும். குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற பிள்ளை வைத்தியர் அப்படிப்பட்ட நான்கு பிள்ளைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பிடித்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு இறுகியிருக்கிறது! அதோடு விட்டாரா? ஒரு கைக்கு மட்டும் ஒளி பிடித்துப் பார்த்தார். மற்றக் கையும் தேறிவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஒளி படாத கை எப்படித் தேறும்? தோலில் ஏதோ உண்டாகி, இரத்தத்தோடு உடம்பெல்லாம் ஓடியிருக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி என்ற வைத்தியர், கொட் மீனின் ஈரலெண்ணெயைக் கொடுத்து நாய்க்குட்டிகளில் அதே நோயைத் தடுத்துக் காட்டினார். வெயில் ஒரு பக்கம், மீனெண்ணெய் ஒரு பக்கம், இரண்டுக்கும் பின்னால் ஒரே பொருள். 1922இல் அமெரிக்காவில் மக்கொலம் என்ற ஆய்வாளர் அதற்கு விற்றமின் டி என்று பெயர் வைத்தார். நாம் தின்னும் கல்சியத்தைக் குடல் நன்றாக உறிஞ்ச அது வேண்டும். அந்த மற்றக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும்.

திருகோணமலையில் வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். விடியவே வான் வண்டியில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இருட்டிய பிறகு வீடு. பிள்ளையின் தோலில் வெயில் எப்போது படுவது? ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் இதற்கு உதவாது. நம்முடைய கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடிய நேரம் பட வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஊர் ஊராகப் போய் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பது என் வேலையில் பாதி. கடற்கரையோரம் ஒரு வீட்டில் ஒரு தாய், "சோறும் மீன்கறியும்" என்றார். மீன் எத்தனை துண்டு என்றேன். சற்று யோசித்துவிட்டு, "எனக்கும் மகளுக்கும் குழம்புதான்" என்றார். துண்டெல்லாம் தகப்பனுக்கும் பொடியன்மாருக்கும் போய்விட்டது. அந்த மகளுக்குப் பதின்மூன்று வயது. எலும்பு கட்டுகிற வயது! அன்றிலிருந்து எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

அறக்குளாத் துண்டு விலை கூட, ஆனால் வெறும் சதையில் கல்சியம் கொஞ்சந்தான். நெத்தலியை முள்ளோடு தின்கிறோமே, கல்சியம் அந்த முள்ளில் இருக்கிறது. கருவாடானாலும் சரி, தலையையும் முள்ளையும் கிள்ளிப் பூனைக்குப் போடாதீர்கள். குரக்கன் மா 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, அரிசியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். குரக்கன் பிட்டும் கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரும் அந்தப் பெண்பிள்ளையின் கோப்பையில் விழட்டும். பெண்பிள்ளையின் கோப்பையில், முதலில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கை காட்டுகிறார். நடையைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். எலும்புக்குப் பாரம் வேண்டும், ஆகவே நடவுங்கள், படி ஏறுங்கள். பாரமில்லாத விண்வெளியில் மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு எலும்பு கரைகிறது. கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், இரவில் ஒரு லைட் எரியட்டும். ஐம்பது தாண்டியவருக்குச் சின்ன விழுகையில் எலும்பு முறிந்தால், பிளாஸ்டர் போட்டதோடு விடாமல், எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அம்மம்மாவுக்காக அதை யாரும் கேட்கவில்லை. அடுத்த தரம் முறிந்தது இடுப்பு.

வணக்கம்.