அட்டப்பாடி மலைக்குக் கடன் கொடுத்தது ஜப்பானில் யார்?

(காட்சி: ஆனைக்கட்டி, கேரள எல்லை)

இந்த செக்போஸ்ட்டைத் தாண்டினால் அட்டப்பாடி. போர்டெல்லாம் மலையாளத்துக்கு மாறிவிடும், ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தால் பாதிப் பேச்சு நம்ம தமிழ்தான். அங்கே ஒரு பெரியவரிடம் அஹாட்ஸ் என்ற மலை மீட்புத் திட்டம் பற்றி ஆரம்பித்தேன். "அது ஜப்பான்காரன் சும்மா குடுத்த காசு தம்பி" என்றார்.

சும்மா இல்லை. மொட்டையாகிப் போன மலையில் மரம் நடவும் மண் அரிப்பைத் தடுக்கவும் 1996-ல் வாங்கிய கடன் அது. வட்டி குறைவு, தவணை நீளம், அவ்வளவுதான்.

(காட்சி: அகளி, மலைச்சரிவு)

சரி, கொடுத்தது யார்? ஓஇசிஎஃப் என்ற ஜப்பானிய நிதியம். 1999-ல் அது அந்த நாட்டு ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு சேர்ந்து ஜேபிஐசி என்ற புது வங்கி ஆனது. 2008-ல் வளரும் நாடுகளுக்கான உதவிக் கடன்கள் மட்டும் அங்கிருந்து பிரிந்து ஜைகா என்ற ஜப்பானிய உதவி முகமையிடம் போயின. இங்கே நட்ட கன்று மரமாவதற்குள் கடன் கொடுத்தவருக்கு மூன்று பெயர்! அதுவரை கடன் ஓரிடம், நிபுணர்களை அனுப்புவது ஓரிடம், மானியம் பெரும்பாலும் வெளியுறவு அமைச்சகம் என்று சிதறிக் கிடந்ததை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரத்தான் இந்த மாற்றம். கொள்கை மட்டும் இன்றும் வெளியுறவு அமைச்சகத்தின் கையில்.

ஜெர்மனி இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது. பிஎம்இசட் அமைச்சகம் முடிவெடுக்கும், கேஎஃப்டபிள்யூ வங்கி பணம் தரும், ஜிஐஇசட் ஆளனுப்பும். பிரிட்டன் 1997-ல் உதவிக்கென்று தனி அமைச்சகமே வைத்து, 2020-ல் அதை வெளியுறவுத் துறையில் கரைத்துவிட்டது. அமெரிக்காவில் 1961-ல் பிறந்த யுஎஸ்எய்டு என்ற உதவி முகமைக்கும் 2025 ஜூலையில் அதே கதிதான். வெளியுறவுத் துறையின் மேசைக்கு ஃபைல் போய்விட்டால், யாருக்குத் தேவை என்பதற்கு முன்னால் நமக்கு என்ன லாபம் என்ற கேள்வி வந்துவிடும் என்பது என் கணிப்பு.

அப்புறம், கணக்கு. எதை உதவி என்று எழுதலாம் என்று தீர்மானிப்பது டாக் என்ற குழு, பாரிஸில் இருக்கும் ஓஇசிடி என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பின் கீழே, அதுவும் கொடுக்கும் நாடுகளே சேர்ந்த குழு. ஒரு நாட்டின் உதவி நிர்வாகத்தை வேறு இரண்டு உறுப்பு நாடுகள் போய்ச் சோதிக்கிற பழக்கமும் உண்டு. முன்பெல்லாம் சலுகைக் கடன் என்றால் கொடுக்கும்போது முழுத் தொகையும் உதவிக் கணக்கில் ஏறும், திரும்பி வரும்போது கழியும். 2018 கணக்கிலிருந்து சலுகைப் பகுதி, அதாவது குறைந்த வட்டியாலும் நீளமான தவணையாலும் கொடுப்பவர் விட்டுக்கொடுக்கும் பங்கு, மட்டும்தான் ஏறுகிறது.

(காட்சி: மறுபடியும் டீக்கடை)

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அசலும் வட்டியும் யாரு கட்றது?" என்றார்.

டில்லி. யென்னில்.