ரெட்டை ப்ரொப்பல்லர் படகுக்கு ஸ்பீட் கன்ட்ரோலர் ஒன்னா, ரெண்டா?

வணக்கம். இழுவைப் படகு மாடல் ஒன்னு, ரெண்டு 540 பிரஷ் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி. "ஒரே ஸ்பீட் கன்ட்ரோலர் போதுமா, ரெண்டு வேணுமா"ன்னு நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார். கேள்வியில மோட்டார் இருக்கு, வோல்ட் இருக்கு, ஆம்பியர் மட்டும் இல்ல. அதுதான் உறுத்துது. 540ங்கறது மோட்டாரோட உடம்பு அளவுதாங்க, எவ்வளவு கரன்ட் இழுக்கும்னு அது சொல்லாது.

முதல்ல பதில். பிரஷ்லெஸ்னா பேச்சே இல்ல, மோட்டாருக்கு ஒன்னு கட்டாயம். பிரஷ் மோட்டார்னா ஒன்னே ரெண்டையும் ஓட்டும்.

இனி, கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ப்ரொப்பல்லர்ல பாசி சுத்தி மோட்டார் நின்னுட்டா எத்தனை ஆம்பியர்? போன பகுதிகள்லயும் இதையேதான் சொன்னேன், மறுபடியும் சொல்றேன். கன்ட்ரோலரை ஓடுற கரன்ட்டை வச்சு வாங்காதீங்க, ஸ்டால் கரன்ட்டை, அதாவது நின்னுபோன மோட்டார் இழுக்கிற கரன்ட்டை வச்சு வாங்குங்க.

அளக்கிறது சுலபம். ஷாஃப்ட்டை சுத்த விடாம பிடிச்சுக்கிட்டு 2 வோல்ட் மட்டும் கொடுங்க, ஓரிரு நொடி போதும். வோல்ட்டை மோட்டார் டெர்மினல்லயே பாருங்க. ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி நாலஞ்சு இடத்துல அளந்து, பெரிய அளவை எடுத்துக்குங்க. 5 ஆம்பியர் காட்டினா, 12 வோல்ட்ல ஆறு மடங்கு, 30. ஒரே கன்ட்ரோலர்னா 60 தாங்கணும். ரெண்டுன்னா ஆளுக்கு 40 போட்டா தாராளம். அதுவும் தொடர்ந்து தாங்குற அளவு, பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற நொடி நேர அளவு இல்ல. 320 ஆம்பியர்னு ஒட்டியிருந்தா அதோட வயர் தடிமனைப் பாருங்க, புரிஞ்சிடும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. 60 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு, நின்னுபோன மோட்டார் இழுக்கிற 30 ஒரு பொருட்டே இல்ல. அது பாட்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும், மோட்டார் கருகிடும். அதனால ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸ் போடுங்க. படகைத் தொட்டித் தண்ணியில வச்சு முழு வேகத்துல அளங்க. 7 ஆம்பியர் வந்தா 10 ஆம்பியர் ஃபியூஸ். வெறும் காத்துல சுத்தவிட்டு அளந்தா அந்த அளவு எதுக்கும் உதவாது.

இவர் படகுக்கு நான் ரெண்டுதான் சொல்வேன். இழுவைப் படகு நின்ன இடத்துல திரும்பணும். ஒரு பக்கம் முன்னாடி, ஒரு பக்கம் பின்னாடி. ட்ரான்ஸ்மிட்டர்ல மிக்ஸ், அதாவது வேகத்தையும் திருப்பத்தையும் கலந்து ரெண்டு கன்ட்ரோலருக்கும் பிரிச்சுக் கொடுக்கிற வசதி, இருந்தாலே போதும். ஆனா ரிவர்ஸ் உடனே வர்ற படகு கன்ட்ரோலரா வாங்குங்க. கார் வகையில பல கன்ட்ரோலர்ல முதல் தடவை பின்னாடி தள்ளினா பிரேக்தான் பிடிக்கும், ரெண்டாவது தடவைதான் ரிவர்ஸ்.

ரெண்டு போட்டா, ஒன்னோட ரிசீவர் பிளக்ல சிவப்பு வயரைக் கழட்டிடுங்க. அந்த வயர் வழியா ரெண்டும் ரிசீவருக்குக் கொடுக்கிற 5 வோல்ட் அச்சு அசலா ஒன்னா இருக்காது, அதனால ஒன்னுக்கொன்னு மல்லுக்கட்டும். வயரை வெட்ட வேண்டாம். பிளக்ல இருக்கிற சின்ன நாக்கைத் தூக்கினா பின் வெளிய வந்துடும், டேப் சுத்தி வச்சுக்குங்க. அப்புறம் ரெண்டுக்கும் த்ராட்டில் எல்லையைத் தனித்தனியா செட் பண்ணுங்க, இல்லேன்னா நேராப் போறப்பவே படகு ஒரு பக்கமா இழுக்கும்.