பள்ளி ஏலத்துக்கு வந்த பொருள்: எதை எப்படி விற்பது?

[திரையில்: வகுப்பறை மேசைகள். கண்டாங்கிச் சேலை, எனாமல் தட்டுகள், பனையோலைக் கொட்டான்கள், பித்தளைத் தூக்கு]

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளி, புதுக் கழிப்பறை கட்டப் பணம் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரும் பழைய மாணவர்களும் 60 பொருள் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மேடையில் ஏற்றி "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

வேண்டாம். ஒரு பொருளுக்கு 3 நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரம் ஓடிவிடும். பிள்ளைகளோடு வந்தவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுவார்கள். கடைசியில் வரும் நல்ல சேலையைக் கேட்க ஆள் இருக்காது.

அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒன்றை யோசியுங்கள்: இதற்கு எத்தனை பேர் போட்டி போடுவார்கள்?

[திரையில்: மேடை, ஒலிபெருக்கி]

கூட்டமே போட்டி போடும் என்றால் மேடை ஏலம். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தார் கும்பிடும் பிள்ளையார் நோன்பில் உப்பைக்கூட ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் கடை விலையைப் பார்த்துக் கேட்பதில்லை. நோன்பில் எடுத்த உப்பு வீட்டுக்கு வரட்டும் என்றுதான் கேட்கிறார்கள். பள்ளி மேடைக்கும் அப்படிப்பட்ட பொருள்தான் வேண்டும். கடையில் வாங்கவே முடியாத பொருள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வரைந்த ஒரு படம். ஓர் ஆச்சி தன் வீட்டு வளவில் 10 பேருக்கு இலை போட்டுப் பரிமாறும் விருந்து. என்னைக் கேட்டால், அந்த விருந்தைத்தான் நடு ஏலத்தில் வைப்பேன், கூட்டம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில். மேடைக்கு 8 அல்லது 10 பொருள் போதும்.

[திரையில்: சேலைக்கு முன் ஒரு தாள், பேனா]

நாலைந்து பேர் மட்டும் ஆசைப்படுவார்கள் என்றால் எழுதிக் கேட்கும் ஏலம். கண்டாங்கிச் சேலை இதற்குச் சரியான பொருள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை, அருமை தெரிந்தவர்கள் விட மாட்டார்கள். பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். ஆரம்ப விலை, கடை விலையில் ஏறக்குறையப் பாதி. அடுத்தவர் குறைந்தது 100 ரூபாயாவது கூட்டி எழுத வேண்டும். முடியும் நேரத்தைப் பெரிதாக எழுதுங்கள். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் முடிக்காதீர்கள். ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்த மேசைக்குப் போகட்டும்.

கொட்டான், தேன்குழல், எனாமல் தட்டு மாதிரி நிறைய இருப்பவற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிடுங்கள். ஏலமே வேண்டாம்.

குலுக்கல் சீட்டு போடலாமா என்று யாராவது கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. பள்ளி அந்த வம்புக்கே போக வேண்டாம்.

[திரையில்: பழைய மரப்பெட்டி திறக்கிறது]

அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். பெரிய வீட்டு அறைகளிலிருந்து பழைய வெண்கலச் சிலையோ தஞ்சாவூர் ஓவியமோ வரலாம். 100 வருடம் தாண்டியது என்றால் அது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. தொல்லியல் துறையிடம் விசாரிக்காமல் மேசையில் வைக்காதீர்கள். கொடுத்தவர் வீட்டுக்கே போய், விஷயத்தைச் சொல்லி, பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.