குளிர்னு நினைச்ச விரைப்பு

(காட்சி: கோத்தகிரி, காலை ஏழு மணி. பனி விலகாத வாசல். ஒரு சின்னப் பையன் ஸ்வெட்டர் பட்டனோட மல்லுக்கட்டுறான்.)

குரல்: ஆறு வயசுப் பையன். பட்டன் போட வரல. பென்சில் நழுவுது. "குளிர்ல விரல் விரைச்சிருக்கு, வெயில் வந்தா சரியாயிடும்"னு பாட்டி சொல்றாங்க. நீலகிரியில யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா மத்தியான வெயில்லயும் அதே தடுமாற்றம்னா, அது குளிர் இல்ல.

(காட்சி: மணிக்கட்டின் உட்புறப் படம்.)

மணிக்கட்டுல உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கு. அடியில எலும்புகள், மேல கெட்டியான நார்ப்பட்டை. அந்த இடுக்குக்குள்ள ஒன்பது தசைநாண்களோட (தசையை எலும்போட இணைக்கிற நார்கள்) மீடியன் நரம்பும் போகுது. தேயிலைக் கொழுந்து கிள்ளுற கையைப் பாருங்க. கட்டைவிரல் மத்த விரலுக்கு எதிரா வந்து சேருதே, அதுக்கு முக்கியமா வேணுங்கறது இந்த நரம்புதான். இது நசுங்கினா கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்.

பெரியவங்களுக்கு இது சகஜம். குழந்தைகளுக்கு ரொம்ப அபூர்வம். அதனாலதான் ஒரு குழந்தைக்கு வந்தா, "ஏன் வந்துச்சு"னு கட்டாயம் கேட்கணும். பல சமயம் பதில், எம்.பி.எஸ். (மியூகோபாலிசாக்கரிடோசிஸ்) மாதிரியான பரம்பரைச் சேமிப்பு நோய். உடம்புல ஒரு என்சைம் குறையுது. உடைஞ்சு போக வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகள் செல்லுக்குள்ளயே தேங்குது. நார்ப்பட்டையும் தசைநாண் உறையும் தடிச்சு, நரம்பை நெருக்குது.

இதுல என்னை ரொம்ப வருத்துறது ஒண்ணு. பெரியவங்க "கை மரத்துப்போச்சு"னு உதறுவாங்க. குழந்தை சொல்லாது. மெதுமெதுவா குறைஞ்ச உணர்ச்சி, அதுக்கு அதுதான் இயல்பு. நாமதான் பார்க்கணும். ராத்திரி அழுதுக்கிட்டு எழுந்திரிக்குதா? விரலைக் கடிக்குதா? கட்டைவிரலை விட்டுட்டுப் பொருளை எடுக்குதா? கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற மேடு தட்டையாயிடுச்சா? எழுத மறுக்கிற குழந்தையை தயவுசெஞ்சு சோம்பேறின்னு அடிக்காதீங்க.

எம்.பி.எஸ்.ல லேசான வகைன்னா முகமும் படிப்பும் இயல்பாவே இருக்கும். ஆனா விரல் மடங்கி நிக்கும். அதனால மூட்டுவாதம்னு வருஷக்கணக்கா மருந்து ஓடுறதுண்டு. மூட்டுல சூடோ சிவப்போ இல்லாம விரைப்பு மட்டும் இருந்தா, டாக்டர்கிட்ட எம்.பி.எஸ். பத்தி நேரடியா கேளுங்க. சின்ன வயசுல குடலிறக்கம், அடிக்கடி காது சீழ், கருவிழி மங்கல் இருந்தா அதையும் சொல்லுங்க. சிறுநீர்ப் பரிசோதனையில சந்தேகம் வரும், ரத்தத்துல என்சைம் அளவு பார்த்து உறுதி பண்ணுவாங்க.

எம்.பி.எஸ். இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்ச குழந்தைன்னா, புகார் இல்லாட்டியும் அவ்வப்போது நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பு வழியா மின் சைகை சரியா போகுதான்னு பார்க்கிறது) வேணும். என்சைம் மருந்து ஏத்தினாலும் மணிக்கட்டு நெருக்கம் வரலாம். நார்ப்பட்டையை வெட்டி விடுறது சின்ன ஆபரேஷன்தான். ஆனா தசை கரைஞ்ச பிறகு செஞ்சா முழு பலம் திரும்பாம போகலாம்.

செலவைப் பத்தி ஒரு வார்த்தை. மத்திய அரசோட 2021 அரிய நோய் கொள்கையின் கீழ உதவி உண்டு, உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அதுக்கான மையங்கள்ல ஒண்ணு.

(காட்சி: மலைப்பாதையில் இறங்கும் பஸ்.)

ஆபரேஷனுக்குப் போறப்ப ஒண்ணு மறக்காதீங்க. இந்தக் குழந்தைகளுக்கு மூச்சுப்பாதை குறுகலா இருக்கும், மயக்கம் கொடுக்கிறது கஷ்டம். அனுபவமுள்ள மயக்க மருந்து டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க. குடலிறக்கத்துக்கு எப்படியும் மயக்கம் கொடுக்கப் போறாங்கன்னா, கையையும் அப்பவே பார்த்துட முடியுமான்னு முன்கூட்டியே கேளுங்க.