போர்வெல் மண்ணும் பல்லாவரத்துக் கல்லும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் போர்வெல் போடும்போது அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, தி. நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் களிமண் வரும், பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் மணல் வரும், கிண்டிப் பக்கம் பாறை தட்டும் என்பது தெரிந்திருக்கும். இவை மூன்றும் தொடர்பில்லாதவை அல்ல. பாறை சிதைந்துதான் களியும் மணலும் உண்டாகின்றன என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள நீலச் சாயல் கொண்ட கருங்கல்லின் பெயர் சார்னோக்கைட். கல்கத்தா வரலாற்றில் இடம்பெறும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைப் பலகை இந்தக் கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். அன்று முதல் இலங்கையிலோ அண்டார்டிகாவிலோ இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்த வழியே விமான நிலையத்துக்குச் செல்கிறவர்களில் மிகச் சிலரே இதை அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம்.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல் இது. மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டு வெளியே தெரிந்ததும், அது முன்பு அறியாத மழையையும் காற்றையும் எதிர்கொள்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பட்டுப் பட்டு, கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் களியாக மாறுகிறது. இரும்புள்ள கனிமங்கள் நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் போலவே துருப்பிடிக்கின்றன. திரிசூலம் பக்கத்துப் பழைய கல்குவாரிகளில், உடைத்த முகம் நீலமாகவும், நெடுங்காலம் வெளியில் கிடந்த முகம் பழுப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். அதே கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமம் மட்டும் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. மீண்டும் சொல்கிறேன்: ஃபெல்ஸ்பார் களியாகிறது, குவார்ட்ஸ் மணலாக எஞ்சுகிறது.

சிதைந்த பொருள் அங்கேயே கிடந்து, வேர்களும் மக்கிய இலைகளும் மண்புழுக்களும் சேர்ந்தால் விளைமண் ஆகும். ஆறு அதை அடித்துச் சென்றால் வேகம் குறையும் இடத்தில் முதலில் மணல் இறங்கும். நுண்ணிய களித்துகள்கள் தேங்கிய நீரில்தான் அடியில் தங்கும். தி. நகர் எழுவதற்கு முன் அங்கே ஒரு நீண்ட ஏரி இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கடலை அடைந்த மணலும் ஓய்வதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அது கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது, ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆகவே படிவுப் பாறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அடுக்கடுக்காகப் புதைந்த மணல் இறுகி மணற்கல்லாகிறது. களி இறுகிக் களிப்பாறையாகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிப்பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இலைகளின் பதிவுகள் உள்ளன. பாறைகளிலிருந்து கரைந்து போன கால்சியமும் வீணாவதில்லை. கடல் உயிர்கள் அதைக் கொண்டு ஓடு கட்டுகின்றன, அந்த ஓடுகள் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகின்றன, அரியலூரில் அப்படி உருவான கல்லைத்தான் இன்று சிமெண்டுக்காக வெட்டி எடுக்கிறார்கள். வணக்கம்.