நெஞ்சு வலி உண்டு, இதயக் கோளாறு இல்லை: பெரியவர்களைக் கையைத் தூக்கவிடாத ஓர் அரிய எலும்பு நோய்

[திரையில்: காறை எலும்பின் உட்புற முனை சிவப்பாக ஒளிர்கிறது]

வணக்கம். நடுத்தர வயதுள்ள ஒருவருக்கு நெஞ்சின் மேற்பகுதியில் வலி தொடங்குகிறது. இதயத்தில் கோளாறு இல்லை என்று இ.சி.ஜி. காட்டுகிறது, இரத்தப் பரிசோதனையும் பல நேரங்களில் இயல்பாகவே இருக்கிறது. எலும்பு ஸ்கேனில் காறை எலும்பும் மார்பெலும்பும் ஒளிர்வதைக் கண்டதும், புற்றுநோய் பரவியிருக்குமோ என்று வீடே கலங்குகிறது. எலும்பிலிருந்து திசுவை எடுத்துச் சோதித்தால் அங்கே புற்றுநோயும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனால் வலி இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. 'சாஃபோ' அல்லது சி.என்.ஓ. எனப்படும் இந்த அரிய எலும்பு நோயோடு வாழ்பவர்களின் அன்றாடத்தைப் பற்றியதுதான் இந்தக் காணொளி.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1972இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இந்த நோயைக் குழந்தைகளிடம் விவரித்தார்கள். 1987இல் பிரெஞ்சு மருத்துவர்கள், மூட்டழற்சி, கடும் பரு, உள்ளங்கை உள்ளங்கால் கொப்புளங்கள், எலும்புத் தடிப்பு, எலும்பழற்சி ஆகியவற்றை ஒன்றுசேர்த்து 'சாஃபோ' என்று பெயரிட்டார்கள். கிருமித்தொற்று இல்லாத நாள்பட்ட எலும்பழற்சி என்ற பொருளில் சி.என்.ஓ. என்றும் இது அழைக்கப்படுகிறது.

[திரையில்: தோள், காறை எலும்பு, மார்பெலும்பு ஆகியவற்றின் படம்]

இப்போது ஒரு சிறு சோதனையை என்னோடு செய்து பாருங்கள். கழுத்தின் அடியில் உள்ள பள்ளத்துக்குச் சற்று வலப்புறம், வலது காறை எலும்பு தொடங்கும் மேட்டின்மீது இடக்கை விரலை வையுங்கள். வலக்கையை மெல்லத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். விரலுக்கடியில் எலும்பு நகர்வது தெரிகிறதா? கை முழுவதையும் நடு உடலின் எலும்புக்கூட்டோடு இணைக்கும் மூட்டு அந்த ஒன்றுதான். தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் தசைகளின் பிடியில்தான் நிற்கிறது. கையை உயர்த்தும்போதெல்லாம் காறை எலும்பு மேலெழுந்து, தன்னச்சில் சுழலவும் வேண்டும். பெரியவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் வந்து தங்குவது இந்த இடத்தில்தான். தலைவாருவது, கொடியில் துணி உலர்த்துவது, ஒருக்களித்துப் படுப்பது, தோளில் பையை மாட்டுவது, காரில் பெல்ட் போடுவது, பிள்ளையை அணைத்துக்கொள்வது என எல்லாமே அந்தச் சிறு மூட்டைக் கடந்தே நடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், உள்ளங்கை அளவு இடத்தில் உள்ள அழற்சி ஒருவரின் நாள் முழுவதையும் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது விளங்கும். சிலருக்குத் தடித்த எலும்பு பின்னால் செல்லும் சிரையை அழுத்தி, கை வீங்கி, அதில் இரத்தம் உறைவதும் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன எலும்பு ஸ்கேன் படத்தைப் பாருங்கள். நடுவே மார்பெலும்பின் மேற்பகுதி, இருபுறமும் காறை எலும்புகள்: கொம்புகளோடு கூடிய காளையின் முகம்! மருத்துவர்களும் இதைக் காளைத்தலை அடையாளம் என்றே அழைக்கிறார்கள். வியப்பூட்டும் இன்னொரு செய்தி: உள்ளங்கைக் கொப்புளங்களோடு எலும்பு வலியும் உள்ளவர்களுக்கு, ஜப்பானில் தொண்டைச் சதையான டான்சிலை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் செய்யப்படுகிறது.

வலியை மட்டும் அளந்தால் போதுமா? போதாது என்பது என் உறுதியான கருத்து. வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் எஸ்.எஃப்.-36 என்ற வினாத்தாள், 36 கேள்விகளைக் கேட்டு, 8 தலைப்புகளில் 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. படியேற முடிகிறதா, மளிகைப் பையைத் தூக்க முடிகிறதா என்று உடலைப் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், சோர்வு, மனநிலை, நண்பர்களோடு பழகுவதில் ஏற்பட்ட தடை ஆகியவற்றையும் அது கேட்கிறது. வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பவரின் வலியை அலுவலகமும் உறவினரும் நம்பாதபோது உண்டாகும் தனிமையை எந்த ஸ்கேனும் காட்டாது. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள், நோயைக் கண்டறியத் தாமதமாவது வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதையே 2010இல் தனி ஆய்வாக வெளியிட்டார்கள். என் பார்வையில் அந்தக் கேள்வி மிகவும் தேவையானது. ஏனெனில் பெயர் தெரியாத ஆண்டுகளில்தான் பயனற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும், புற்றுநோய் அச்சமும், 'எல்லாம் மனப்பிரமை' என்ற பேச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

சிகிச்சை உண்டு. அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளில் தொடங்கி, எலும்பு கரைவதைக் குறைக்க சிரைவழி செலுத்தும் பாமிட்ரோனேட், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் வரை மருத்துவர்கள் படிப்படியாகச் செல்கிறார்கள்.

காறை எலும்புப் பகுதியில் ஓயாத வலியும் வீக்கமும், கூடவே உள்ளங்கையில் கொப்புளங்களும் உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் காணொளியை அவருக்கு அனுப்புங்கள். புதிதாக நெஞ்சு வலி வந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன்பின் மூட்டுவாத நிபுணரிடம் செல்லும்போது, எந்த அசைவில் வலிக்கிறது, எத்தனை இரவுகள் தூக்கம் கெட்டது, எந்த வேலையைக் கைவிட நேர்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்; தோல் கொப்புளங்களுக்கும் நெஞ்சு வலிக்கும் தொடர்பிருக்குமா என்று நீங்களே கேளுங்கள்.